இன்னிக்கு நான் ஸாபித்

ஐஸ் ஹாக்கி பிளேஆஃப் முதல் சுற்றில் நாலு ஆட்டமும் தோற்று உள்ளூர் மாரல் அணி வெளியேறிய அந்த வாரம், ஊரில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை காலை ஜானெல் சோபாத் திண்டுகள் இரண்டை எடுத்தாள். கோல்கீப்பர் காப்புகளாகக் கால்களுக்கு முன்னால் வைத்து, அப்பாவின் பெல்ட்டுகளால் இறுக்கிக் கட்டினாள்.

"ஊரே துக்கத்துல இருக்கு, உனக்கு விளையாட்டா?" என்றாள் அம்மா.

"துக்கமா இருந்தா ஐஸ் உருகாம இருக்குமாம்மா?"

அது உண்மைதான். அடுக்குமாடிகளுக்கு நடுவே முற்றத்தில், பலகை அடைத்த அந்த ஐஸ் திடலின் ஒரு மூலை ஏற்கெனவே சேறாகிவிட்டது. இந்த மார்ச் வெயிலுக்கு இன்னும் சில நாள்தான் தாங்கும். அப்புறம் அடுத்த குளிர்காலம்தான்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மாரல் வீரர் ஒருவரின் பெயரைக் கூவ வேண்டும். அன்று முழுக்க நீதான் அவர். முற்றத்தின் சட்டம் அது.

"ஸாபித்!" என்று மாரலின் கோல்கீப்பர் பெயரைக் கூவினாள் ஜானெல்.

யெராசில் மட்டையைக் குறுக்கே நீட்டினான். அங்கே இருப்பவர்களில் உயரமானவன் அவன், வட்டும் அவனுடையது.

"அந்தப் பேரு இனிமே இங்க கிடையாது."

"டிசம்பர்ல இந்தப் பேருக்காக மாத்வெய் மூக்குல குத்தினவன் நீதானேடா?"

"ஆமா, ரத்தம் வந்துச்சு" என்றான் மாத்வெய். இருப்பதிலேயே சின்னவன்.

"அது டிசம்பர்" என்றான் யெராசில். "கடைசி மேட்ச்ல கோலை விட்டுட்டு எதுக்குப் பின்னாடி போனான் அவன்?"

"வட்டைத் தடுக்க. எத்தனையோ தடவை அப்படித் தடுத்திருக்காரு. அன்னிக்குப் பலகை இடுக்குல பட்டுத் துள்ளிடுச்சு."

"துள்ளி, காலி கோல் முன்னாடி விழுந்துச்சு. சீசனே போச்சு!"

"சீசன்னு ஒண்ணு இருந்ததே அவராலதான். போன வருஷம் நாம கடைசி இடம். அப்போ எங்கடா இருந்தே?"

"அப்போ அவன் கால்பந்து ரசிகன்" என்றான் மாத்வெய்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யெராசிலின் முகம் சிவந்தது.

"வேற பேரு சொல்லு. இல்ல, வெளிய போ."

இப்போது போனால், நவம்பர் வரை ஆட்டமே இல்லை. ஜானெல் திண்டுக் கால்களை அகட்டி அகட்டி நடந்துபோய், கோலுக்கு நடுவில் நின்றுகொண்டாள்.

"போகவும் மாட்டேன். பேரையும் மாத்த மாட்டேன். முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க."

அப்போதுதான் இரண்டாம் வாசல் கதவு திறந்தது. குப்பைப் பையோடு ஸாபித் வந்தார்!

அவர் மூன்றாம் மாடியில்தான் குடியிருந்தார். பிளேஆஃப் முடியும்வரை மழிப்பதில்லை என்று வளர்த்த தாடி இன்னும் அப்படியே இருந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, சுவரை ஒட்டி வேகமாக நடந்தார்.

பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள்.

"கத்தித் தொலைக்காதே" என்று முணுமுணுத்தான் யெராசில். "போகட்டும்."

ஜானெல் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"ஸாபித்!"

அவர் நின்றார். தோள்கள் இறுகின. மெல்லத் திரும்பினார்.

"என்னைத் திட்டப் போறியா?"

"இல்லண்ணா. ஆட்டத்துக்குப் பேரு சொன்னேன். இன்னிக்கு நான் ஸாபித்."

"வேற நல்ல பேரு எதுவும் மிச்சமில்லையா?"

"எல்லாமே மிச்சம் இருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

ஸாபித் கையிலிருந்த குப்பைப் பையைப் பார்த்தார். அதைப் பலகை ஓரம் வைத்துவிட்டு, ஒரே தாவாகத் தாவி உள்ளே குதித்தார். மாத்வெய் ஓடிவந்து தன் மட்டையை நீட்டினான். அது குட்டி மட்டை. அதைப் பிடிக்க அவர் பாதியாக மடிய வேண்டியிருந்தது.

"நீ ஸாபித்னா, நான் யாரு?" யெராசில் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் பேரென்ன?"

"யெ... யெராசில்."

"சரி. நான் யெராசில்."

அவர் அடித்தார். வட்டு வழுக்கி வந்து, இரண்டு திண்டுகளுக்கும் நடுவே புகுந்து வலையில் விழுந்தது.

ஜானெலின் காது மடல் சுட்டது. குனிந்து வட்டை எடுத்தாள். அவரிடமே தள்ளிவிட்டாள்.

"இன்னொண்ணு அடிங்க."

தாடி குலுங்கச் சிரித்தார் ஸாபித்.

யெராசில் தலையைச் சொறிந்தான். "அவரு நான்னா... அப்போ நான் யாரு?"

"யாரா வேணா இரு. முதல்ல இங்க வந்து எனக்கு முன்னாடி நில்லு. கோல்கீப்பரைத் தனியா விட்டுட்டு அங்க என்னடா வேடிக்கை?"

யெராசில் ஒரு நொடி யோசித்தான். பிறகு ஓடிவந்து, முழங்காலை மடக்கி, அவளுக்கு முன்னால் நின்றான். மாத்வெய் மட்டையே இல்லாமல் வந்து இன்னொரு பக்கம் நின்றான்.

ஜானெல் மட்டையால் ஐஸை ஓங்கித் தட்டினாள்.

"இப்போ அடிங்கண்ணா, பார்ப்போம்!"