முன்பக்க இடது சக்கரம்

"ஒண்ணு பின்னாடி எடுக்கறேளா?"

மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் கேட்டதும் சங்கரிக்குச் சுள்ளென்று வந்தது.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால், இஞ்சிக் கிடங்குகளுக்கு இடையில் நுழைகிற சந்து அது. ஒரு கார் போனால் பக்கத்தில் பூனை போகத்தான் இடமிருக்கும். அங்கே அவளுடைய சிவப்புக் காரும் எதிரே ஒரு சாம்பல் நிறக் காரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "நான் ஏன் எடுக்கணும்? நீங்க எடுங்க!"

"நேக்கு வழி இருந்தா எடுக்க மாட்டேனா? பின்னால பாருங்கோ... லாரி நிக்கறது."

தன் காரைவிட்டு இறங்கி நின்றவன் குடையைச் சாய்த்துக் காட்டினான். மிளகு மூட்டை ஏற்றிய லாரி, சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. சங்கரி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதற்குக் கீழே அந்தக் கண்கள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. அமைதியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மழைத்துளி இமையில் விழுந்தும் இமைக்கவில்லை.

'இது என்ன பார்வை? எனக்கு ரிவர்ஸ் வராதுன்னு நெனச்சியா?'

சுள்ளிக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் சங்கரி. அவளிடமா! கியரைப் போட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை, தோளுக்கு மேல் ஒரு பார்வை... சிவப்புக் கார் சந்து முழுவதும் பின்னால் பறந்தது. கடைசியில் கிடங்கு வாசலுக்குள் வளைத்துத் திருப்பும்போதுதான் அந்த வினை. முன்பக்க இடது சக்கரம், மூடியில்லாத சாக்கடையின் விளிம்பில் 'டமார்' என்று இறங்கி ஏறியது.

சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது.

"நன்னா எடுத்தேள்... ஆனா அந்த வீல் ஒண்ணு பாத்துக்கோங்கோ. அடி பலமாப் பட்டிருக்கு."

"என் வண்டிய எனக்குப் பாத்துக்கத் தெரியும் சார். நீங்க உங்க வழியப் பாருங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். சிரித்தானா? மழையில் சரியாகத் தெரியவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, களமசேரியில் ஆட்டோகிராஸ் போட்டி. மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் பரந்த தார்த் தளத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு, வளைந்து நெளிந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். போட்டி கடிகாரத்தோடு. கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். பெண்கள் பிரிவில் முதலில் வருபவருக்குக் கோயம்புத்தூரில், நிஜமான ரேஸ் டிராக்கில் பயிற்சி உண்டு. அதற்காகத்தான் சங்கரி மாசக்கணக்காகத் தூக்கம் கெட்டிருந்தாள்.

வெறும் வீட்டுக் கார்தான் அது. திங்கட்கிழமை அதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆனாலும் பிரேக் பேடை மாற்றியிருந்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும்படி முன் சக்கரங்களின் கோணத்தைத் திருத்தியிருந்தாள். திருப்பத்தில் வால் லேசாக வழுக்க வேண்டும் என்று பின் டயர்களில் காற்றைக் கூட்டியிருந்தாள். எடை குறையக் கழற்றிய ஸ்டெப்னியும் பின் சீட்டும் வீட்டில், அம்மாவின் முணுமுணுப்புக்கு நடுவே கட்டிலுக்கடியில் கிடந்தன.

அப்பா பாண்டியராஜன் ஆலுவா மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கும் மினி லாரிக்காரர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். "ஒரே ஒரு தடவதான் விடுவேன். நானும் வந்து பாப்பேன். சரிப்படலன்னா அதுக்கப்புறம் ரேஸுங்கிற பேச்சே வீட்ல எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காரைக் கழுவும்போது இடது சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஜாக்கைப் போட்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்... ஆனால் பார்த்தால், அந்தக் குடைக்காரன் சொன்னதைக் கேட்டதாகிவிடுமே! எழுந்துவிட்டாள். துணியைப் பிழியும்போது ஈர முடியும் அந்தக் கண்களும் ஏனோ நினைவுக்கு வந்தன.

'சீ... போடா!'

ஞாயிற்றுக்கிழமை வானம் கறுத்துத்தான் விடிந்தது. துலா மாசம், அதாவது ஐப்பசி; மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். மைதானத்தில் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் பரிசோதித்து அனுமதிக்க வேண்டும். வரிசையில் சங்கரியின் முறை வந்தது. பரிசோதிப்பவர் குனிந்து முந்தைய காரின் பேட்டரியை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்தக் கண்கள்!

கழுத்தில் தொங்கிய அட்டையில் 'வைத்தீஸ்வரன், தொழில்நுட்பப் பரிசோதகர்' என்று இருந்தது. அவனும் திகைத்துப்போனான். ஒரு நொடிதான். பிறகு அவள் ஹெல்மெட்டைப் பார்த்தான், சீட் பெல்ட்டை இழுத்தான், பிரேக்கை அழுத்தச் சொன்னான். நேராக முன்பக்க இடது சக்கரத்திடம் போய் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

எழுந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இந்த வண்டி ஓட்டத்துக்கு இறங்கப்பிடாது."

"என்ன?"

"பால் ஜாயிண்ட் ஆடறது. வேகத்துல திருப்பினா சக்கரம் மடங்கிடும்."

சங்கரிக்குக் காதெல்லாம் சூடேறியது. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு... மகள் ஓட்டுவதைப் பார்க்க லோடை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏ சங்கரி! வண்டி ஏன் நிக்கி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பழி வாங்குறீங்களா? சந்துல உங்கள எதிர்த்துப் பேசினதுக்கு?"

"அய்யோ... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப ஏன் நேரா அந்த வீலுக்கே போனீங்க? மத்த வண்டிக்கெல்லாம் இப்படியா பாத்தீங்க?"

"அது அடிபட்டதை என் கண்ணால பாத்தேனே! பாத்துட்டு எப்படி விடறது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. போட்டியை நடத்தும் அனில் வேகமாக வந்தார். "எந்தா வைத்தி, ப்ரஷ்னம்? பெண்குட்டிகள் ஆகெ நாலு பேர்தான்... ஒப்பிட்டு விடெடா!" என்று காகிதத்தை அவன் கையில் திணித்தார். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை என்கிற அவசரம்.

வைத்தீஸ்வரன் காகிதத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சங்கரி மனசுக்குள் கெஞ்சினாள். போடு... போட்டுவிடு...

"மாட்டேன் அனிலேட்டா. வேணும்னா என்னை மாத்துங்கோ. நான் போட மாட்டேன்."

கண்ணில் முட்டிக்கொண்டு வந்த தண்ணீரை அவள் விழுங்கினாள். வேறு யாரையும் தொடவிடாமல் தானே ஜாக்கைப் போட்டுக் காரைத் தூக்கினாள். இவன் பொய்யன் என்று இத்தனை பேர் முன்னாலும் காட்டிவிட வேண்டும்! சக்கரத்தின் மேலும் கீழும் கையைக் கொடுத்து ஆட்டினாள்.

'கடக்.'

இன்னொரு தடவை ஆட்டினாள். 'கடக்... கடக்.' தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையின் முனையில், பால் ஜாயிண்ட்டின் குமிழ் தன் குழியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. கடைசித் திருப்பத்தில், முழு வேகத்தில் இது கழன்றிருந்தால்... வேலிப் பக்கம் அப்பா நிற்கிற இடம் தெரிந்தது. கார் நேராக அங்கேதான் போயிருக்கும்.

எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"இருக்கு... ஆட்டம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். "லோயர் ஆர்மையே மாத்தணும். ஞாயித்துக்கிழம எங்க போய் வாங்குறது... முடிஞ்சுது."

வைத்தீஸ்வரன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அனிலிடம் கொடுத்தான். "இந்த வண்டிய இனி நான் பரிசோதிக்கப்பிடாது. ரிப்பேர் முடிஞ்சதும் வேற ஆளை வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

"நீ எவிடெ போறே?"

"என் வண்டிக்கு. அதுவும் இதே மாடல்தானே."

சங்கரிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அதற்குள் அவன் தன் சாம்பல் நிறக் காருக்கு அடியில் படுத்துவிட்டான்.

அவளும் ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தாள். "வேண்டாம் சார்! உங்க வண்டி ஆர்மக் கழட்டினா நீங்க வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"பரவாயில்லை, சாரமில்லை. அதை அப்புறம் ஆலோசிக்கலாம். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானர் எடுங்கோ. முதல் ரவுண்டு தொடங்கியாச்சு."

மழையும் தொடங்கியது. அவன் கழற்றினான், அவள் மாட்டினாள். துருப்பிடித்த ஒரு போல்ட் அசைய மறுத்தது. இரண்டு பேரும் ஒரே ஸ்பானரைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவன் விரல்கள் அவள் விரல்கள் மேல்... எண்ணெயும் மழையும் கலந்த ஈரம். இருவரும் வேறு எங்கோ பார்த்தார்கள். தூரத்தில் டயர்கள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு காராக ஓடி முடிந்துகொண்டிருந்தது.

"சார்னு கூப்பிட வேண்டாம்" என்றான் அவன், போல்ட்டைப் பார்த்தே.

"பின்ன எப்படிக் கூப்பிடுறது? பரிசோதகர்னா?"

"வைத்தின்னா போறும்."

"முதல்ல போல்ட்டு வரட்டும்... அப்புறம் பேரு."

'டக்' என்று போல்ட் விட்டுக்கொடுத்தது. அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

வேறு பரிசோதகர் வந்து ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபோது முதல் ரவுண்டு முடிந்திருந்தது. மற்றவர்களுக்கு இரண்டு வாய்ப்பு. அவளுக்கு ஒன்றுதான், அதுவும் நனைந்த தார்த் தளத்தில். ஹெல்மெட்டை மாட்டினாள். ஜன்னலருகே வைத்தி குனிந்தான்.

"பின் டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கட்டுமா? ஈரத்துல ரொம்ப வழுக்கும்."

அவளுக்கே அதுதான் தோன்றியிருந்தது. "இறக்குங்க... வைத்தி."

அவன் கண்களில் ஏதோ பளிச்சிட்டு மறைந்தது.

கொடி விழுந்தது. சிவப்புக் கார் பாய்ந்தது. முதல் கூம்பு, இரண்டாவது... வால் வழுக்கியது, பிடித்துவிட்டாள். கண்ணாடியெங்கும் தண்ணீர். நடுவில் ஒரு கூம்பை உரசிவிட்டாளோ? தெரியாது. நினைக்க நேரமில்லை. கடைசித் திருப்பம் வேகமாக வந்தது. காரின் மொத்த எடையும் முன்பக்க இடது சக்கரத்தின் மேல் சாய்கிற இடம் அது. அவள் காலை எடுக்கவில்லை. சக்கரம் தாங்கியது. கார் அப்படியே சுழன்று கோட்டைத் தாண்டிப்போய் நின்றது.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. இரண்டாவது இடம். அந்த உரசிய கூம்புதான் கோயம்புத்தூரைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். ஒரு சக்கரம் இல்லாமல் ஜாக்கின் மேல் நிற்கும் சாம்பல் நிறக் காரின் பக்கத்தில் வைத்தி நனைந்துகொண்டு நின்றான். முகத்தில் அவளைவிட அதிகமான ஏமாற்றம்.

"நேக்குக் கஷ்டமா இருக்கு, கேட்டேளா... காலம்பறவே முடிச்சிருந்தா ரெண்டு ரவுண்டு கிடைச்சிருக்கும்."

"நான் நேத்தே பாத்திருந்தா கிடைச்சிருக்கும்." சங்கரி தரையைப் பார்த்தாள். "பாக்கத்தான் உக்காந்தேன். நீங்க சொன்னீங்கங்கிறதுக்காகவே பாக்கல. வேற யாரு சொல்லியிருந்தாலும் பாத்திருப்பேன். ரெண்டு நாளா... உங்க முகந்தான் முன்னால நின்னுச்சு. கோபம்னு நெனச்சேன். உங்க மேல அவ்வளவு கோபம்னு."

"இப்போ?"

"கோபம் இல்ல போலிருக்கு."

அவன் தொண்டையைச் செருமினான். வேலியைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டியபடி அப்பா இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்.

"அப்பா வராரு" என்றாள் சங்கரி மெல்ல. "ஏதாவது சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க."

"இறங்கப்பிடாதுன்னு சொல்றச்சே நேக்கே பயமா இருந்தது" என்றான் வைத்தி அவசரமாக. "இத்தனை வருஷத்துல எந்த வண்டிக்கும் பயந்ததில்லை. சொன்னா நீங்க என்னை வெறுப்பேள்னு தெரியும்... சொல்லலேன்னா..." அப்பா இன்னும் பத்தடி தூரத்தில். "உங்களுக்கு ஒண்ணும் ஆயிடப்பிடாது, சங்கரி. நேக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

மழை அவள் முகத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்... இந்தத் தடவை அவளும் இமைக்கவில்லை.

"எனக்கும்" என்றாள்.

பாண்டியராஜன் வந்து நின்றார். ஜாக்கில் நிற்கும் காரைப் பார்த்தார். மகள் காரின் இடது சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வைத்தியின் கறை படிந்த கைகளை வெகுநேரம் பார்த்தார். ரேஸ் பேச்சே வேண்டாம் என்று இப்போது சொல்வாரோ?

"என் பிள்ளை உசுரப் பாத்துக்கிட்டீங்க, தம்பி" என்றார் கனத்த குரலில். மகள் பக்கம் திரும்பினார். "அடுத்த ரேஸு எப்ப?"

சங்கரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தேதி தெரிஞ்சதும் சொல்றோம்பா."

"சொல்றோமா?" பாண்டியராஜன் புருவத்தை உயர்த்தினார். "சொல்றோம்னா... யாரெல்லாம்?"

வைத்தியின் கையிலிருந்த ஸ்பானர் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் அப்பாவுக்கு நேராக நிமிர்ந்து நின்றாள்.

"நானும் இவரும்ப்பா."