ஐந்தாம் அறையின் பட்டன்

யாரும் தொடாத பட்டனை ‘அழுத்தப்பட்டது’ என்றே திரை காட்டிக்கொண்டிருந்தது. க்யூஸ்டெண்டில் நகரத்து ஆப்பிள் கிடங்கின் ஐந்தாம் அறைக்கு வெளியே, சுவரில் திருகியிருந்த சின்ன லினக்ஸ் கணினிப் பலகைக்கு முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ராலிட்சாவுக்கு எரிச்சலாக வந்தது. பழம் வசந்தம் வரை கெடாமலிருக்க, இன்று சாயங்காலம் அறையை மூடி உள்ளேயிருக்கும் பிராணவாயுவை எடுத்துவிடுவார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் அந்தப் பட்டன் ஒன்றுதான் கதி. அதை மாட்டிய நாளிலேயே எவனோ தலைகீழாக இணைத்துத் தொலைத்திருக்கிறான். எந்நேரமும் கத்துகிறதென்று சைரனையும் கழற்றிவிட்டார்கள்.

“ஜிவ்கோ அண்ணே, உள்ள போய் அழுத்துங்க.”

“போறேன் தாயே. மனுஷன காப்பி குடிக்க விடமாட்டியே.”

அவள் குனிந்து கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கனத்த கதவு மூடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் கசிந்த ஆப்பிள் வாசனையில் லேசான அழுகல் இருந்தது. பனி படர்ந்த சின்னக் கண்ணாடிக்குப் பின்னால், முகம் தெரியாமல், ஒரு தலை. திரை மாறியது: ‘விடப்பட்டது.’ அழுத்தினீர்களா என்று சைகையில் கேட்டாள். தலை இடமும் வலமுமாக ஆடியது. க்யூஸ்டெண்டில்காரர்களான எங்களுக்கு அதுதான் ஆமாம். உலகத்துக்கே நாங்கள் கொஞ்சம் தலைகீழ்.

அப்படியானால் சந்தேகமில்லை. கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி, நிரலை மறுபடி ஓடவிட்டாள். ‘அழுத்தப்பட்டது.’ அப்பாடா. கையை எடுக்கச் சொல்லிக் காட்டினாள். எடுத்தாச்சா?

தலை ஆடியது. ஆமாம்.

‘அழுத்தப்பட்டது.’

மறுபடி கேட்டாள். ஆடியது.

‘அழுத்தப்பட்டது.’

“என்ன ராலி, நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?” முதுகுக்குப் பின்னால் ஜிவ்கோ. கையில் காப்பி.

“அப்ப... உள்ள யாரு?”

“யாருமில்லையே. இப்பத்தான் எட்டிப் பாத்துட்டு, கதவ மூடிட்டுப் போனேன்.” கண்ணாடியைப் பார்த்தார். குரல் இறங்கியது. “போன வருஷம் இந்த ரூம்ல செத்தானே, வேலைக்கு வந்த மால்டோவா நாட்டுக்காரன்... மூடட்டுமான்னு இந்தக் கண்ணாடி வழியா நான்தான் கேட்டேன். ஆமான்னு தலைய இடமும் வலமுமா ஆட்டினான். பட்டனக்கூட அழுத்தல, ராலி. திரையில ‘விடப்பட்டது’ன்னுதான் இருந்துச்சு.”

அவள் மடிக்கணினியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“அண்ணே... அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா, வேண்டாம்னு அர்த்தம்.”

தலை ஆடியது. வேகமாக. இன்னும் வேகமாக.

ஜிவ்கோ பாய்ந்து கதவை இழுத்தார். திறந்தது. பெட்டி பெட்டியாக ஆப்பிள். ஆள் இல்லை.

சுவரில் பட்டன் அடிவரை அமுங்கியிருந்தது. விரல் இல்லை.

திறந்து நின்ற கதவின் கண்ணாடியில், அந்தத் தலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.