வாளியில் ஒட்டிய லேபிள்

பொருநை விண்கலத்தில் அந்த ஆண்டின் முன்பனிக் காலம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் பொத்தானைத் தட்டியதும் தொடங்கியது. தோட்டத் தளத்தில் விளக்குகள் மங்கின, குளிர்காற்று சீறியது, நாலாயிரம் பேரும் போர்வையைத் தேடி ஓடினார்கள். அந்தந்தப் பருவத்தில், உள்ளூரில் விளைந்ததை மட்டுமே தின்ன வேண்டும் என்பது கலத்தின் முதல் சட்டம்.

முன்பனி என்றால் கத்தரிக்காய். நாற்பதே நாள்தான். அதனால் கலத்தில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதை விட்டுவிட்டுக் காய் பார்க்க ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. பந்தி முடிந்த பிறகுதான் தாலி! சமையல்காரர் மாசிலாமணி தன் மகள் திலகாவின் கல்யாணத்தைப் பருவத்தின் கடைசி நாளில் வைத்திருந்தார். விடியற்காலையில் தானே காய் பறித்து, ஒரே அண்டாவில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்து, இரண்டு வாளிகளில் பிரித்து ஊற்றினார். கலமே வாசனையில் கிறங்கியது.

இலை போட்ட நேரத்தில் உண்காவலன் வந்து நின்றது. சட்டப்படிதான் தின்கிறார்களா என்று உணவைச் சோதிக்கும் மூன்றடி உயர இயந்திரம். நெற்றியில் ஒரு விளக்கு, நாக்கு கிடையாது. 'உள்ளூர்' என்றால் பறித்த இடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் என்று அன்று காலைதான் அதற்குப் புது விதி ஏற்றியிருந்தார்கள்.

"பறித்த இடம் ஐம்பத்து நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இது இறக்குமதி" என்றது.

"செடி அந்தா பின்னாடி நிக்குதுய்யா!"

"நிற்கவில்லை. கலம் விநாடிக்கு முந்நூறு கிலோமீட்டர் பறக்கிறது. பறித்து ஆறில் ஒரு பங்கு விநாடிக்குள் தின்றிருந்தால் உள்ளூர்."

"அப்போ நானும் இறக்குமதியா?"

"உங்களை யாரும் தின்னப் போவதில்லை. அதனால் சோதிக்கவில்லை."

பந்தியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வடிவாம்பாள் குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, கத்தரிக்கா வருமா வராதா? இல்லைன்னா என் மகனைக் கூட்டிட்டுக் கிளம்புதேன். அடுத்த முன்பனிக்குப் பாத்துக்கிடலாம்."

மாசிலாமணி வாளிகளைக் காப்பாற்ற உள்ளே ஓடினார். அதற்குள் வாளிகளுக்கு முத்திரை வைக்கச் சமையலறைக்குள் உருண்ட உண்காவலன், கடுகு டப்பாவின் முன் நின்று பச்சை விளக்கைப் போட்டது.

"இது உள்ளூர் உணவு. தடையில்லை."

பூமியிலிருந்து கிளம்பிய அன்று ஊறுகாயோடு ஏற்றிய டப்பா அது, காலியானதும் கடுகு போட்டு வைத்திருந்தார்கள். 'நம்ம ஊர் விளைச்சல், இந்தப் பருவத்துப் புத்தம் புதியது' என்ற லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது வந்து நூத்திப்பத்து வருசம் ஆச்சே!"

"எழுதியிருக்கிறது" என்றது உண்காவலன்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு பீறிட்டது. லேபிளைப் பிய்த்தார், சோற்றுப் பருக்கையைத் தடவினார், ஒரு வாளியில் ஒட்டினார். பச்சை! ஒரே அண்டாவில் வெந்ததால் மற்ற வாளிக்கும் அது செல்லும் என்று சொல்லிவிட்டு உண்காவலன் உருண்டு போய்விட்டது. அவர் வாளிகளோடு பந்திக்குப் பறந்தார்.

வடிவாம்பாள் லேபிளைப் படித்தாள், ஒரு வாய் தின்றாள், கண்ணை மூடினாள். "ஆகா, மண்வாசம்!" கலத்தில் மண்ணே கிடையாது, செடிகள் நீர்த்தூவலில் தொங்குகின்றன. மறுமுறை இரண்டாவது வாளியிலிருந்து விழுந்ததும் முகம் சுளித்தாள். "இது சப்புன்னு இருக்கே அண்ணாச்சி. லேபிள் ஒட்டுனதைக் கொண்டாங்க." அவ்வளவுதான், பந்தி முழுக்க அதே கூச்சல். மாசிலாமணி திரைக்குப் பின்னால் போய் இந்த வாளியிலிருந்து அந்த வாளிக்கு மாற்றி மாற்றி ஊற்றினார், வயிறு வலிக்கச் சிரித்தார். எல்லோரும் விரலைச் சூப்பினார்கள். தாலி ஏறியது.

கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தார். புதுத் தாலியோடு திலகாவே பரிமாற வந்தாள். இரண்டு வாளிகளிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எதுலேருந்துப்பா போட?"

மாசிலாமணி யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"லேபிள் ஒட்டுனதுலேயே போடு தாயி" என்றார்.