பாறைக்குள் இருந்தது

தீனி போட்டும் மீன்கள் கீழே இறங்கவில்லை. கண்ணாடித் தொட்டியின் மேல்மூலையில், தண்ணீரை விட்டே ஏறி ஓடப் பார்ப்பவை போல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மஞ்சள் மீனைக் காணவில்லை. அதன் வால் மட்டும் கத்தரித்துப் போட்டதுபோல மணலில் கிடந்தது.

ரத்தினம்மாள் புருஷன் தாண்டவராயனிடம் சொன்னாள். பூனைக்குப் போட்டுவிட்டுக் கதை சொல்கிறாள் என்று அவன் அறைந்தான்.

தாண்டவராயன் செஞ்சிக் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். அறுபத்தைந்தாம் வருஷம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் அங்கே வைத்திருந்த அந்தக் கடல்மீன் தொட்டியோரம் நின்று படம் பிடித்துக்கொள்ள முண்டியடிக்கும். கடல்தண்ணீர் கொண்டுவரும் மரக்காணத்துப் பாவாடைதான் ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து புதிதாய் ஒரு பவளப்பாறையும் வாங்கி வந்திருந்தார். அதைத் தூக்கி வைத்த அன்று ரத்தினம்மாளின் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் ஏறின. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் தாண்டவராயனே பார்த்துவிட்டான். பாறைப் பொந்திலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு புழு, ஊதாவும் பச்சையுமாய் மினுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. கத்தரிக்கோலால் வெட்டினான். வெட்டுப்பட்ட துண்டு நெடுநேரம் துள்ளியது. மிச்சம் உள்ளே போய்விட்டது.

பாறையை நல்லதண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே விழும், வெட்டினால் பெருகும் என்றார் பாவாடை. பவளம் செத்துப்போகும் என்று தாண்டவராயன் மறுத்துவிட்டான்.

இருட்டினால்தான் அது வெளியே வரும் என்று, நடுப்பகலில் பாறையை ஒரு சின்னத் தொட்டியில் கடல்தண்ணீரோடு இருட்டறைக்குள் வைத்தான். படம் கழுவுகிற சிவப்பு விளக்கைப் போட்டுக் கதவைத் தாழிட்டான். கையில் கம்பிச் சுருக்கு.

"குச்சியில வச்சா உள்ள பூடுது. உன் கையில புடி," என்று இறால் துண்டை நீட்டினான்.

"வேணாங்க. பயமா இருக்குது."

இறாலை அவள் விரல்களுக்குள் திணித்தான். அவள் மணிக்கட்டைப் பற்றித் தண்ணீருக்குள் இறக்கினான்.

மருந்துத் தண்ணீரின் புளித்த நெடியும் கடலின் கவிச்சியும் கலந்து மூச்சை அடைக்க, குழாய் சொட்டும் ஓசைக்கு நடுவே பாறைக்குள்ளிருந்து ஓடு உரசுவதுபோல் ஏதோ நெளிவதைக் காதால் அல்ல, விரல் நுனியால் அவள் கேட்டாள். கடைத்தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. வாசல் பக்கம் யாரோ போட்டோ எடுக்கவேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

"செத்த ஒக்காருங்க, வந்துட்டேன்," என்றான் தாண்டவராயன், கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே இனிப்பான குரலில். ரத்தினம்மாளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

பொந்திலிருந்து மீசைகள் வந்தன. பிறகு தலை.

இறாலைத் தொட்டது. விட்டது. அவள் விரலைத் தொட்டது.

கவ்வியது.

எலும்பு வரை இறங்கியது. அவள் கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

"அசையாத. இன்னும் கொஞ்சம் வெளிய வரட்டும்."

வந்தது. முழ நீளம். இன்னும் வந்தது. தண்ணீர் கலங்கியது. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ரத்தமாகத் தெரியவில்லை.

அப்போது பாறையின் மறுபக்கத்தில் இன்னொரு பொந்து அசைந்தது. மீசைகள். அதன் கீழே இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. பாறை முழுக்கத் தலைகள். எல்லாம் அவள் கைப்பக்கம் திரும்பின.

தாண்டவராயனும் பார்த்தான்.

"எல்லாம் வருது," என்றான் மெல்ல. அவள் கையை முழங்கை வரை அமுக்கினான்.