எண்பத்தேழாம் தாள்

எண்பத்தாறு தாள்தான் இருந்தது. ஹென்ரீகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. தட்டச்சு செய்யத் தொடங்குமுன் ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் பென்சிலால் எண் போட வேண்டும் என்பது அலுவலக விதி. நேற்று அவளே போட்டாள். இன்று நோட்டின் கடைசியில், எண் போடாத தாள் ஒன்று செருகியிருந்தது. அதே கையெழுத்து. ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

போர் முடிந்து இரண்டரை ஆண்டாகிறது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிப் படியெடுக்கும் அவளது அலுவலகத்தில் கொளுத்த நிலக்கரி இல்லை. அதனால் நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் தன் வீட்டு அடுக்களையிலேயே, ஜன்னலில் மூடுபனி அப்பியிருக்க, விரல் விறைக்க விறைக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த நோட்டை அனுப்பியவர் ஒரு குழாய் ரிப்பேர்காரர். எந்த வீட்டில் கிடைத்தது என்பது அந்த மனிதருக்கு நினைவில்லையாம்.

காலையில்தான் மேலாளர் போஸ்மனிடம் மல்லுக்கு நின்றுவிட்டு வந்திருந்தாள்.

"பேரு இல்ல, முகவரி இல்ல. உருளைக்கிழங்கு வெந்துச்சு, வேகலன்னு எழுதி வச்சிருக்கா. இதைக் காப்பாத்தி என்னம்மா பண்றது?"

"ஒரு யூதப் பொண்ணு ரெண்டு வருஷம் சுவத்துக்குப் பின்னாடி உக்காந்து எழுதியிருக்கா சார். வேற என்னத்த எழுதுவா?"

"சாயங்காலத்துக்குள்ள பேரைக் கண்டுபிடி. பேர் இல்லாததெல்லாம் காகித ஆலைக்குப் போகுது."

பாழாய்ப் போன மனுஷன். அவளும் வரிவரியாகத் துழாவிவிட்டாள். மூன்றாம் படி கிறீச்சிடுகிறது, அடுப்புக்குப் பின்னால் நீல ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று என்னென்னவோ இருந்தது. பெயர் மட்டும் இல்லை. படியும் ஓடும் இந்த ஊரில் எந்த வீட்டில்தான் இப்படி இல்லை? எரிச்சலோடு புதுத் தாளை விளக்கருகே பிடித்தாள்.

"நாளை எனக்குப் பதினேழு. டீனா அத்தை என் பெயரைக் கழிப்பறைக் காலண்டரில் எழுதிவிட்டாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். 'வீட்டு ஆளுங்க பிறந்தநாள் எல்லாம் அங்கதான் இருக்கு, நீ மட்டும் என்ன வெளியாளா' என்று சிரித்தாள்."

அதற்குக் கீழே, பிறகு அவசரமாகக் கிறுக்கியது.

"தேடி வந்தவர்களில் ஒருவன் கழிப்பறைக்கு வந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டேன். காலண்டரைப் புரட்டினான். வெளியே போய், இது யார் என்று கேட்டான். அத்தை வாய் திறக்கவில்லை. அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள். என் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது."

ஹென்ரீகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பெயரை எழுதாமல் இருந்திருக்கலாமே அந்தப் பொம்பளை. இவளாவது இங்கே எழுதித் தொலைத்திருக்கலாமே. எவனோ ஒருவன் படித்த பெயர், தனக்குக் கிடைக்கவில்லை.

தாளை வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். 'காலண்டர்' என்ற சொல்லில் விரல்கள் நின்றுவிட்டன.

இந்த ஊர் வீடுகளில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறையில்தான் மாட்டுவார்கள்; அதில் வருடம் கிடையாது. அதனால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. வீட்டு வசதி அலுவலகம் இந்த வீட்டை ஒதுக்கியபோது கழிப்பறையில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிலேயே தன் தங்கைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

எழுந்தாள். அடுப்புப் பக்கம் பார்க்கவில்லை. நீல ஓடு அங்கே விரிசல் விட்டுத்தான் இருக்கும்.

கழிப்பறை. நவம்பர். பன்னிரண்டு: செல்மா. முன்பு இருந்தவர்களின் உறவுக்காரப் பெண் யாரோ என்று நினைத்திருந்தாள்.

சுவரில் உரசல்.

எலி. ஒரு வருடமாக எலி என்றுதான் பொறி வைத்தாள். எதுவும் விழுந்ததில்லை. உரசல் நின்றது. வரி முடிந்தால் நிற்பதுபோல. மறுபடி தொடங்கியது.

காலண்டரைக் கழற்றினாள்.

பலகை. வண்ணப்பூச்சுக்கு அடியில் தாழ்ப்பாள்.

"செல்மா?"

உரசல் நின்றது. பிறகு வேகமாக, மிக வேகமாக. பலகை இடுக்கில் ஒரு தாள் மெல்ல நீண்டது. மேல்மூலையில் பென்சிலால் எண் போட்டிருந்தது. எண்பத்தெட்டு.

"இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்."

ஹென்ரீகா தாளைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. மறுமுனையை உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.