பற்றவைக்காத சூடு

புருஷன் செத்த ஆய்வகத்துக்கே அவள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். படித்த படிப்பு அதுதான். வேறு வழியும் தெரியவில்லை. வேலையை வாங்கிக் கொடுத்தவன் புருஷனுக்கு உதவியாளனாக இருந்து இப்போது ஆய்வகப் பொறுப்பாளனாகிவிட்டவன். அவளை "அண்ணி" என்பான். பிணத்தைத் தூக்கியதிலிருந்து ஓட்டு வீட்டின் ஒழுகலை அடைத்ததுவரை எல்லாம் அவன்தான். கூடப் பிறக்காத தம்பி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆலைக்கு வரும் நிலக்கரி எவ்வளவு சூடு தரும் என்று அளப்பதுதான் அங்கே வேலை. கரித்தூளை வில்லையாக அழுத்தி, தடித்த எஃகுக் குடுவைக்குள் வைத்து மூடி, ஆக்ஸிஜனை அழுத்தமாக நிரப்பி, வாளி நீரில் இறக்கிப் பொத்தானை அமுக்கினால் உள்ளே எரியும். நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். அந்தக் குடுவைக்கு அங்கே பெயர் 'பாம்'. அழுத்தம் தாங்குகிறதா என்று ஒவ்வொன்றையும் அவ்வப்போது அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அப்படி ஒரு பாம்தான் வெடித்து அவள் புருஷனைக் கொன்றது.

"அளவுக்கு மேல காத்து ஏத்திட்டாரு அண்ணி. அவசரம்" என்று விசாரணையில் சொன்னவனும் தம்பிதான்.

அவள் நம்பினாள். அவர் படத்துக்கு முன்னால் நின்று, "உன் அவசரத்துக்கு என்னைத் தெருவுல விட்டுட்டியே" என்று திட்டியும் இருக்கிறாள்.

ஒரு நாள் பிற்பகலே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் தார் பூசினாற்போல் இருந்தது. அவள் பாமை நீரில் இறக்கி, மூடியைப் போட்டு, பொத்தானில் விரல் வைத்தாள்.

மின்சாரம் போயிற்று.

நீரைக் கலக்கும் விசிறி ஓய்ந்தது. காற்றாடி ஓய்ந்தது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம். பொத்தானை அவள் அமுக்கவே இல்லை. உள்ளே எதுவும் எரிந்திருக்க வழியில்லை.

கைவிளக்கை எடுத்து வெப்பமானிமேல் அடித்தாள்.

பாதரசம் ஏறிக்கொண்டிருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மெல்ல, எறும்பு சுவர் ஏறுவதுபோல், ஏறிக்கொண்டே இருந்தது. கருகிய மயிரின் நாற்றம் மூக்கில் குத்தியது.

டொக்.

நீருக்கடியிலிருந்து.

டொக். டொக்.

எஃகுக்கு உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"என்ன அண்ணி, இருட்டுல?" கதவருகே பொறுப்பாளன், கையில் விளக்கோடு.

"தம்பி, நான் பத்த வைக்கல. ஆனா சூடு ஏறுது. வந்து பாரேன்."

வந்தான். பார்த்தான். அவன் விளக்கொளி வாளியை விட்டு விலகிச் சுவரெங்கும் ஓடியது. அப்போது இருவருக்கும் நடுவில், காதோரம் பேசுகிற நெருக்கத்தில், ஒரு குரல்:

"தம்பி... இதை அழுத்தச் சோதனைக்கு அனுப்பினியா?"

அவர் குரல். வாக்கியம் முடியும்போது லேசாகக் கரகரக்கும் அதே குரல்.

பொறுப்பாளன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அனுப்பல அண்ணே! அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன். மூடி மரை தேஞ்சிருந்தது தெரியும். இன்னொரு வாரம் ஓடிடும்னு நினைச்சேன் அண்ணே!"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ அவர் அளவுக்கு மேல ஏத்தினாருன்னு சொன்னது?"

"செத்தவர் மேல பழி போட்டா மறுத்துப் பேச யாரு வரப்போறான்னு..." சொல்லிக்கொண்டே அவன் வாளியைப் பார்த்தான்.

டொக்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தம்பி. எனக்குக் கொடுத்தியே, இந்த பாம். இதை அனுப்பினியா?"

அவன் தலை குனிந்தது.

அடக்கம் முடிந்த அன்று, பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்து ஒரு வாய் கஞ்சி குடிக்கவைத்தவன் அவன். அந்தக் கையேதான் இதையும் அவளிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறது. கழுத்தறுப்பவன் எதிரில் வருவதில்லை. தோளில் கை போட்டுக்கொண்டுதான் வருகிறான்.

அவள் கத்தவில்லை. பாமின் திருகியைத் துளித்துளியாகத் திறந்து ஆக்ஸிஜனை வெளியேற்றினாள். அது நெடுநேரம் தேம்புவதுபோல் சீறி அடங்கியது.

மறுநாள் மேலாளர் முன்னால் அவனையே எல்லாவற்றையும் சொல்லவைத்தாள். அந்த பாமைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாதி அழுத்தத்திலேயே விரிசல் விட்டது. அவனைப் போலீஸ் கூட்டிப்போனது. போகும்போதும் "அண்ணி" என்றான். அவள் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தின் முன் உட்கார்ந்து, திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதாள்.

பிறகு புது பாம் வந்தது. முத்திரை உடையாத பெட்டியை அவளே பிரித்தாள், எண்ணெய்த் தாளை உரித்தாள், மூடியைத் திருகித் திறந்தாள்.

உள்ளே, பளபளக்கும் எஃகில், யாரோ இப்போதுதான் மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்திருந்தது.

விரல் வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.