மூடுபனிக்கு அடியில் ஈரம்

கனடாவின் கிழக்கே, ஃபண்டி விரிகுடாவின் கரையில் இருந்த அந்த வீட்டுக்கு நான் போய் இறங்கியபோது பகல் பதினொரு மணி. ஆனாலும் காரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். அக்டோபர் மாத மூடுபனி அப்படி. வீடு எங்கே முடிகிறது, செங்குத்தான கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீழே எங்கோ சேற்றில் நீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

என் பெயர் லியோனி கோமோ. பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கையும் மஞ்சளித்துப்போன வார்னிஷையும் துடைத்தெடுப்பது என் தொழில். அப்போது ஹாலிஃபாக்ஸில் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் சொல்வது 1978இல் நடந்தது.

என்னை வரச்சொல்லிக் கடிதம் போட்டவர் ஹியூ ப்ளெங்கார்ன். அவருடைய முதல் நாவல் எங்களுக்குப் பள்ளியில் பாடமாக இருந்தது. மனம் உடைந்த ஒரு பெண் மூடுபனிக்குள் நடந்துபோய்க் கடலோடு கலந்துவிடுகிற கதை. "மூடுபனி எதைக் குறிக்கிறது?" என்று பரீட்சையில் கேட்பார்கள். "துக்கத்தை" என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்தப் பெண் அவருடைய மனைவி தோரா என்பது ஊருக்கே தெரியும். தோரா ஓவியர். அதற்கு இருபத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், முப்பத்தொரு வயதில், இதே வீட்டின் கீழே கடலில் போய்விட்டாள்.

நாவலின் புதிய பதிப்புக்கு அட்டைப்படமாகத் தோராவின் கடைசி ஓவியத்தைப் போடப்போகிறார்கள். அதைச் சுத்தம் செய்யவேண்டும். வேலை அவ்வளவுதான்.

"மேல இருக்கிற தூசி, புகைக்கறை, அது போதும்" என்றார் ப்ளெங்கார்ன். எழுபதை நெருங்குகிற மனிதர், உயரம், குரலில் மேடைப் பழக்கம் இருந்தது. "பனியில கை வைக்காதீங்க, மிஸ் கோமோ. அந்தப் படத்தோட அர்த்தமே பனிதான்."

படத்தைப் பார்த்தேன். ஏறக்குறைய முழுவதும் சாம்பல் நிறம். ஒரு மூலையில் மட்டும் செம்மண் கரையின் விளிம்பு.

சமையலறையில் வெர்னா பெட்டிஸ் எனக்கு மீன் சூப்பும் கருப்பஞ்சாற்றுப் பாகு தடவிய ரொட்டியும் வைத்தாள். தோரா இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் சமைப்பவள்.

"பனிதான் அர்த்தமாமா?" உதட்டைச் சுழித்தாள். "தோரா ஒரு நாளும் பனியை வரைஞ்சது கிடையாது. 'பனியில ஒண்ணும் தெரியாதே வெர்னா, தெரியாததை என்னன்னு வரைய?'ன்னு கேப்பா. ஏணியை வரைஞ்சா அது ஏணிதான். அதுல ஏற முடியுமா முடியாதா, அவளுக்கு அவ்வளவுதான். இந்த மனுஷனுக்குத்தான் எதைப் பார்த்தாலும் அது வேற எதையோ குறிக்கணும்."

"பாவம், மனசு உடைஞ்சு..."

"யாரு, தோராவா?" வெர்னா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மான்ட்ரியலுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தா, கண்ணு. இவரை விட்டுட்டு. பெட்டி கட்டி வாசல்ல நின்னுச்சு. சாகப்போறவ ஸ்வெட்டரை எல்லாம் மடிச்சு வைப்பாளா? கடைசியா ஒரு தடவை கரையைப் பார்த்து வரைஞ்சுக்கறேன்னு அந்த ஏணியில கீழ இறங்கினா. அது ஒண்ணுதான் வழி."

பிறகு பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வடக்கு ஜன்னல் பக்கம் படத்தை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். பஞ்சைக் குச்சியில் சுற்றி, கரைப்பானில் நனைத்து, நகத்தளவு இடத்தில் உருட்டினேன்.

பனி பஞ்சோடு வந்துவிட்டது.

ஓவியர் வரைந்து முடித்த பிறகுதான் வார்னிஷ் பூசுவார்கள். இங்கே வார்னிஷ் அடியில் இருந்தது. பனி அதற்கு மேலே இருந்தது. வேறொரு கை, பிறகொரு நாள், அகலத் தூரிகையால் அவசரமாக அப்பிய சாம்பல் நிறம் அது. அதைத் தொடக்கூடாது என்பதுதான் எனக்கு இட்ட கட்டளை. வெர்னா சொன்ன பெட்டி நினைவுக்கு வந்தது. நான் இன்னொரு பஞ்சை எடுத்தேன்.

மூன்று மணி நேரத்தில் பாதிப் படம் வெளியே வந்தது. கீழிருந்து மேலே பார்க்கிற காட்சி. செங்குத்துக் கரை, அதன் உச்சியில் இதே வீடு. கரையில் ஏணி சாத்தியிருந்த இடத்தில் இரண்டு தேய்ந்த தடங்கள் மட்டும். ஏணி மேலே புல்லில் படுத்துக் கிடந்தது. மாடி ஜன்னலில் ஓர் ஆள், இரண்டு கைகளையும் சட்டத்தில் ஊன்றி, கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

படத்தின் அடி விளிம்பில் தண்ணீர்.

இதை வரைந்தவள் எங்கே நின்று வரைந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே இடம்தான் வந்தது.

தண்ணீருக்குள்.

அறையில் சேற்று வாடை அடித்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. என்னை அறியாமல் அந்த அலையின் மேல் விரலை வைத்தேன்.

இருபத்தொன்பது வருடத்துப் பெயின்ட், விரலில் ஒட்டியது.

"தூசி மட்டும்னு சொன்னேன்ல!"

ப்ளெங்கார்ன் கதவருகே நின்றிருந்தார். படத்தைப் பார்த்ததும் அந்த மேடைக்குரல் எங்கோ போய்விட்டது. "இதை மூடிட்டேனே... மூணு தடவை மூடினேன்."

"யார் வரைஞ்சது சார் இது?"

"அவ போய் ஒரு வாரம் கழிச்சு இந்தக் கதவுல சாத்தி வெச்சிருந்தது. ஈரமா." கொளுத்திப் பார்த்தேன். தீ பிடிக்கல. அப்புறம்தான் பனியைப் பூசினேன். அப்புறம்தான் நாவலையே எழுதினேன். அவளை எங்கே கொண்டுபோய் வெச்சேன் தெரியுமா? இந்த நாடே அவளை நினைச்சு அழுதது. அவ சாவுக்கு நான் ஒரு அர்த்தம் குடுத்தேன்."

"அவங்க கேட்டாங்களா?"

அவர் என் தோளுக்குப் பின்னால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன்.

ஜன்னலில் ஆள் இல்லை.

சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது. ஊன்றியிருந்த கைகள் இல்லை.

அவர் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் படத்தைச் சட்டகத்தோடு தூக்கினார். "கடல்லேயே போட்டுடறேன். எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே போகட்டும்."

"தண்ணி ஏறுற நேரம் சார்!"

அந்தக் கரையில் வடிந்த கடல் திரும்ப ஏறும்போது ஆள் ஓடினாலும் பிடித்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்வெளியைத் தாண்டி ஏணியில் இறங்கினார். பனி அவரை இடுப்புவரை விழுங்கியது. பிறகு தலையையும். சேற்றில் பூட்ஸ் புதைந்து எழும் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது.

கரை உச்சியில் ஏணியை மேலே இழுப்பதற்காக வைத்திருந்த கயிற்று உருளை. கிறீச். கிறீச். நிதானமாக, யாரோ வீட்டு வேலையை முடிப்பதுபோல.

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஏணி புல்லில் கிடந்தது. உருளைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கைப்பிடியைப் பற்றி எதிர்ப்பக்கம் சுற்றப் பார்த்தேன். நகரவில்லை. மரப்பிடி பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது.

அது மரம் அல்ல.

என் கைகளுக்கு அடியில் இன்னும் இரண்டு கைகள் இருந்தன. ஈரமான, சேறு வழிகிற, விரல் மெலிந்த கைகள். கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் கணுக்களை ஒவ்வொன்றாக என் உள்ளங்கை உணர்ந்தது.

"மிஸ் கோமோ!" கீழிருந்து அவர் குரல். "ஏணி! ஏணியை விடுங்க! தண்ணி வந்துடுச்சு!"

என் காதுக்கு அருகில் ஒரு பெண் பேசினாள். கத்தவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்.

"மூடுபனி எதைக் குறிக்குது, ஹியூ?"

கீழே அலை கற்களின் மேல் ஏறும் சரசரப்பு மட்டும்.

"தோரா..."

"எதைக் குறிக்குது?"

"ஒண்ணும் இல்ல!" அவர் அலறினார். "ஒண்ணையும் குறிக்கல! அன்னிக்குப் பனியே இல்ல! நல்ல வெயில்! நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு! ஏணியை நான்தான் இழுத்தேன் தோரா, நான்தான் இழுத்தேன்! இப்ப விடு!"

என் கைகளுக்கு அடியில் இருந்த கைகள் அசையவில்லை.

வெர்னா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இரண்டடி தள்ளி, கைகளை ஏப்ரனில் துடைத்தபடி நின்றிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் கண்ணீர். ஆனால் துக்கம் இல்லை.

"விட்டுடு, கண்ணு" என்றாள் மெதுவாக. "அது அவ வேலை."

உருளையோடு கடைசிவரை மல்லுக்கட்டினேன் என்றுதான் போலீசிடம் சொன்னேன். உருளை துருப்பிடித்து இறுகியிருந்தது என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அவர் ஒப்புக்கொண்ட அந்த நொடிக்குப் பிறகு நான் முழுப் பலத்தோடு தள்ளினேனா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அலறல் நின்ற பிறகும் என் கைகள் பிடியின் மேல்தான் இருந்தன. அடியில் இருந்த கைகள் என் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டு விலகின. நன்றி சொல்வதுபோல.

உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். படம் கிடைக்கவில்லை. நானும் வெர்னாவும் கேட்டதைப் பதிப்பாளருக்கு எழுதினோம், பதில் வரவில்லை. புதிய பதிப்பு வேறோர் அட்டையோடு வெளிவந்தது. பள்ளிகளில் அதே கேள்வியை இன்னும் கேட்கிறார்கள்.

இதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வசந்தத்தில், நாட்டின் நடுவே சமவெளியான சஸ்காட்சவானிலிருந்து ஒரு படம் வந்தது. கோதுமை வயல், உச்சிவெயில், தூரத்தில் வெள்ளைப் பண்ணைவீடு. யாரோ பெயர் தெரியாதவர் வரைந்தது. அங்கிருந்து எந்தக் கடலுக்கும் பல நூறு மைல். அழுக்கைத் துடைத்தபோது, வீட்டுக்குப் போகிற பாதையில் ஒரு பெண் வெளிப்பட்டாள். முதுகு நமக்கு, முகம் வீட்டுக்கு. முழங்கால்வரை செஞ்சேறு.

பெயின்ட் ஈரமாக இருந்தது.

வழக்கப்படி புகைப்படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். ஆர்வில் ஹால்வர்சன் என்று ஒரு பண்ணைக்காரர். பத்து நாள் கழித்து, மதியம், தொலைபேசியில் வந்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"அந்தப் பொம்பளைங்களை அழிச்சிடுங்க" என்றார்.

"ஒரு பொம்பளைதானே சார்?"

"சேத்துக்கால்காரி யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் மூத்த சம்சாரம். அவ பதினெட்டு வருஷமா எங்க இருக்கான்னு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

நான் அனுப்பிய புகைப்படத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பிச் சட்டகத்தைப் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. பண்ணைவீட்டின் கதவு திறந்து கிடந்தது.

மறுமுனையில், ஹால்வர்சனுக்குப் பின்னால், யாரோ கதவைத் தட்டினார்கள்.